40 சென்ட் சாப்பாடு: ஒரு ஃபாரமும் இரண்டு பள்ளிகளும்

2023 ஆகஸ்ட் கடைசி வாரம் பள்ளி மாவட்டத்திலிருந்து, அதாவது எங்கள் வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்திலிருந்து, ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் வீட்டு வருமானம் வரம்பைத் தாண்டுகிறது, அதனால் பிள்ளைகளுக்கு மதிய உணவுச் சலுகை கிடையாது என்று இரண்டே வரி. அதைப் படித்தபோது வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கம்பெனி கொடுத்தனுப்பிய பணம் ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. "பரவாயில்லை, நாம ஏழை இல்லையாம்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டல்லாஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். நான் ஒரு ஆரம்பப் பள்ளியின் முன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவு, புது அட்மிஷன், தாமதமாக வரும் பிள்ளைக்குச் சீட்டு, அப்புறம் டெக்சஸில் பீம்ஸ் என்று சொல்லும் மாணவர் தரவுப் பதிவு, எல்லாம் என் தலையில். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே மாவட்டத்தில் வேறொரு பள்ளியில் படிக்கிறார்கள். ஆக, இந்தச் சலுகையை நான் இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்: ஃபாரம் நிரப்பிய அம்மாவாகவும், ஃபாரத்தைக் கணினியில் இரண்டு இலக்க எண்ணாக மாற்றும் குமாஸ்தாவாகவும். அந்த அனுபவத்தில்தான் இந்த மதிப்புரை.

முதலில் ஃபாரம். ஆன்லைனில் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் யார் யார், ஒவ்வொருவருக்கும் பிடித்தம் போகும் முன் எவ்வளவு வருமானம், அது வாரா வாரமா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, மாதம் இருமுறையா, மாதம் ஒருமுறையா. பெரியவர் ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி 4 இலக்கம். எண் இல்லை என்றால் இல்லை என்று ஒரு பெட்டி. கையெழுத்து. அவ்வளவுதான். குடியுரிமை என்ன, விசா என்ன என்று எங்கேயும் கேட்பதில்லை. சம்பளச் சீட்டை ஏற்றச் சொல்வதுமில்லை. நாம் சொல்வதை நம்பிக்கொள்கிறார்கள். பிறகு விண்ணப்பங்களில் 3 சதவீதம் வரை மட்டும் எடுத்து ஆதாரம் கேட்பார்கள். எங்களுக்கு அந்தக் கடிதம் வரவில்லை.

நான் சறுக்கியது அந்த "எத்தனை முறை" என்ற இடத்தில். எனக்கு மாதம் இருமுறை சம்பளம், ஒவ்வொரு முறையும் 1,150 டாலர். நான் அவசரத்தில் "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்ற வட்டத்தைத் தொட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மாதம் இருமுறை என்றால் 24 ஆல் பெருக்குகிறார்கள், 27,600. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26 ஆல் பெருக்குகிறார்கள், 29,900. இதோடு வீட்டுக்காரரின் வேலையின்மை உதவித்தொகை வாரம் 521, அதை 52 ஆல் பெருக்கினால் 27,092. முதல் கணக்கில் மொத்தம் 54,692, இரண்டாவதில் 56,992. நாலு பேர் குடும்பத்துக்கு அந்த ஆண்டு குறைந்த விலைச் சாப்பாட்டின் வரம்பு 55,500 டாலர்.

ஒரு வட்டம் தள்ளித் தொட்டதால் சலுகை போச்சு. பணம் அதே பணம்தான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அதுவும் தினமும் இந்த மாதிரி ஃபாரங்களைக் கையாளுகிற எனக்கு. மாவட்டத்தின் உணவுப் பிரிவுக்குப் போன் செய்தால் "மறுபடி விண்ணப்பியுங்கள்" என்றார்கள், எங்கே தப்பு என்று சொல்லவில்லை. வந்த மின்னஞ்சலிலும் அவர்கள் போட்ட கணக்கு இல்லை. என்ன தொகை வந்தது, வரம்பு எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தச் சேவைக்கு நான் தாராளமாக ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போட்டிருப்பேன். திருத்தி அனுப்பியதும் மூன்றாம் நாள் பதில் வந்தது: குறைந்த விலை, ஆளுக்கு 40 சென்ட். சட்டப்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது. பிள்ளைகளின் பள்ளியில் முழு விலை அப்போது 3 டாலர். இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் நூறு டாலருக்கு மேல் மிச்சம். அந்த நாட்களில் அது எங்கள் மின்சார பில்லில் பாதி. டெக்சஸ் கோடையில் வீட்டில் ஏசி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

வரம்பு எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் வறுமைக் கோடு என்று ஒன்று இருக்கிறது. அதில் 130 சதவீதம் வரை இலவசம், அதற்கு மேல் 185 சதவீதம் வரை குறைந்த விலை. 2023-ல் நாலு பேருக்கு வறுமைக் கோடு 30,000 டாலர், அதனால் இலவசத்துக்கு 39,000, குறைந்த விலைக்கு 55,500. இந்தக் கோட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அம்மையார், ஒரு குடும்பத்தின் மலிவான சாப்பாட்டுச் செலவைக் கணக்கிட்டு அதை மூன்றால் பெருக்கினார். 1955-ல் எடுத்த கணக்கெடுப்பில் குடும்பங்கள் கைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன, அதனால் மூன்று. அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வாடகையும் டே கேரும் சம்பளத்தை விழுங்கும் இந்தக் காலத்துக்கும் அடிப்படை அந்தக் காலத்து மளிகைக் கணக்குதான். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக மற்ற 48 மாநிலத்துக்கும் ஒரே கோடு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு படுக்கையறை வாடகைக்கு எடுத்தவருக்கும், மேற்கு டெக்சஸில் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் அதே 30,000.

இன்னொன்று, வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி. அப்போது அத்தை ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். அவரையும் சேர்த்து ஐந்து பேர் என்று போட்டிருந்தால் வரம்பு 65,009. எந்த வட்டத்தைத் தொட்டாலும் தேறியிருப்போம். நவம்பரில் ரிட்டர்ன் டிக்கெட் வைத்திருக்கிறவரை எப்படிச் சேர்ப்பது என்று விட்டுவிட்டேன். "என் தலையை எண்ணினால் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும்னா எண்ணிக்கோயேன்" என்று அத்தை இரண்டு முறை சொன்னார்.

சரி, சாப்பாடு. மதிப்புரை என்றால் அதைப் பற்றிப் பேசாமல் முடியுமா. பழம், காய், தானியம், இறைச்சி அல்லது அதற்கு மாற்று, பால் என்று ஐந்து வகை வைப்பார்கள். பிள்ளை அதில் மூன்றையாவது எடுக்க வேண்டும், ஒன்று கட்டாயம் பழமோ காயோ. நாங்கள் சைவம். சின்னவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் சீஸ் பீட்சா, ஒரு நாள் பீன்ஸும் சீஸும் வைத்த பரீட்டோ, மீதி இரண்டு நாள் உறையில் வரும் வேர்க்கடலை வெண்ணெய் ஜாம் சாண்ட்விச். பரீட்டோ நன்றாகவே இருக்கும், நானே சாப்பிட்டிருக்கிறேன். பிஞ்சு கேரட் மட்டும் அப்படியே மேசைக்குத் திரும்பும். பிரிக்காத பாலையும் பழத்தையும் வைக்க ஒரு பகிர்வு மேசை இருக்கிறது, வேண்டிய பிள்ளை எடுத்துக்கொள்ளலாம். அந்த மேசைக்கு முழு மதிப்பெண். பெரியவள் மட்டும் ஒரு வாரத்திலேயே "அம்மா, தயிர்சாதம் குடுத்து விடு" என்று சொல்லிவிட்டாள். 40 சென்ட்டுக்கு நான் வாயைத் திறப்பதாக இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது காசு வாங்கும் விதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரகசிய எண். இலவசமோ, 40 சென்ட்டோ, 3 டாலரோ, வரிசையில் நின்று கீபேடில் எண்ணைத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். யாருக்குச் சலுகை என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆரம்பப் பள்ளியில் இது நன்றாக நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கதை வேறு என்று அங்கே காசாளராக இருக்கும் ஒரு தோழி சொல்வார். அங்கே சிப்ஸ், குக்கி, ஜூஸ் என்று தனியாக விற்கும் ஒரு வரிசை இருக்கிறது, கையில் பணம் இருக்கிறவர்கள் அங்கே. தட்டு வரிசையில் நின்றாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் பசியோடு இருந்தாலும் நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் ஃபாரமே கொடுக்க விடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இது எனக்குப் புதிதில்லை. எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அரசுப் பள்ளி, மரத்தடி, கையில் அலுமினியத் தட்டு. வருமானச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. ஆனால் மளிகைக்கடைக்காரர் மகள் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் புளிசாதம் கொண்டுவருவாள், நாங்கள் தட்டோடு வரிசையில் நிற்போம். அங்கே தட்டுதான் ஃபாரம்.

இப்போது குமாஸ்தா பக்கம் வருகிறேன். சாப்பாட்டுக்காக நிரப்பிய அந்த ஃபாரம் சாப்பாட்டோடு முடிவதில்லை. பீம்ஸில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் நேராகப் பொருளாதார நிலைக்கு ஒரு குறியீடு: 00 என்றால் பின்தங்கியவர் இல்லை, 01 இலவசச் சாப்பாடு, 02 குறைந்த விலை, 99 வேறு வகையில் பின்தங்கியவர். பள்ளியில் இத்தனை சதவீதம் ஏழைப் பிள்ளைகள் என்று செய்தியில் படிக்கிறோமே, பெரும்பாலும் அது இதுதான். தேர்வு முடிவை ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்துக் காட்டுவது, மாவட்டத்துக்குள் எந்தப் பள்ளிக்குக் கூடுதல் பணம் என்று பங்கிடுவது, பள்ளியின் இணையக் கட்டணத்தில் தள்ளுபடி எவ்வளவு என்பது, வீடு வாங்குகிறவர்கள் "அந்த ஸ்கூல் எப்படி" என்று பார்ப்பது, எல்லாம் இதைச் சுற்றித்தான். 1946-ல் ட்ரூமன் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம், பிள்ளைகளுக்குச் சோறு போட வந்தது. வறுமையை அளக்கவும் அதையே எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் எல்லாப் பள்ளியிலும் கையில் தயாராக இருந்த ஒரே வருமானத் தகவல் அதுதான்.

அந்தக் கோல் எப்படி அளக்கிறது என்று என் பிள்ளைகளை வைத்தே சொல்கிறேன். 2023 அக்டோபர் 16-ம் தேதி வீட்டுக்காரர் புது வேலையில் சேர்ந்தார், பழைய சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. டெக்சஸில் மாணவர் கணக்கெடுக்கும் நாள் அக்டோபரின் கடைசி வெள்ளி, அந்த வருடம் 27-ம் தேதி. அன்றைக்கு என் பிள்ளைகள் இருவரும் 02. ஒருமுறை சலுகை கிடைத்துவிட்டால் அந்தக் கல்வியாண்டு முழுக்க அது நிற்கும், வருமானம் கூடினாலும் தெரிவிக்க வேண்டியதில்லை. நல்ல விதி, அது இல்லையென்றால் மாதா மாதம் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருப்போம். அடுத்த கல்வியாண்டில் முதல் 30 பள்ளி நாட்கள் வரையும் பழைய நிலை தொடரும். ஆக எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் வந்துகொண்டிருந்த நாளில், வசந்தத்தில் என் மகள் எழுதிய மாநிலத் தேர்வின் மதிப்பெண் "பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள்" பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் உண்மையிலேயே திண்டாடிய 2023 கோடையில் அவள் பெயருக்கு நேராக 00. மகள் கணக்கில் கெட்டிக்காரி. அவளால் அந்தப் பட்டியலின் சராசரி கொஞ்சம் ஏறியிருக்கும், யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2024-25-க்கு நாலு பேர் வரம்பு 57,720 ஆக ஏறிவிட்டது. நான் தப்பாகக் கணக்குக் கொடுத்த அந்த 56,992 கூட அந்த வருடம் தேறியிருக்கும்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் இந்த ஃபாரமே கிடையாது. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் காலையும் மதியமும் இலவசம். 2010-ல் வந்த சட்டத்தில் இதற்கு வழி செய்தார்கள், 2014-லிருந்து நாடு முழுக்க நடக்கிறது. உணவு உதவி அட்டை வாங்கும் குடும்பங்கள், வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகள், வீடில்லாதவர்கள் என்று அரசுப் பட்டியல்களிலிருந்தே நேராகத் தெரியவரும் பிள்ளைகள் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் பள்ளி முழுவதற்கும் இலவசம் கொடுத்துவிடலாம். அந்த அளவு முன்பு 40 சதவீதம், 2023 அக்டோபரில் 25 ஆகக் குறைத்தார்கள். இப்படித் தெரியவரும் பிள்ளைகளின் சதவீதத்தை 1.6 ஆல் பெருக்கி, அத்தனை பங்குச் சாப்பாட்டுக்கு இலவச விகிதத்தில் மத்திய அரசு பணம் தரும். 50 சதவீதம் என்றால் 80. மீதி 20-க்கு முழு விலை விகிதத்தில் சின்னத் தொகை. கீபேட் வரிசையில் காசுப் பேச்சே இல்லை, கடன் பாக்கி என்று பெற்றோருக்குப் போன் செய்யும் வேலையும் எனக்கு இல்லை. இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. கை கூசாமல் போடுவேன்.

ஆனால் பீம்ஸில் போட அந்தக் குறியீட்டு எண் மட்டும் வேண்டும். அதனால் எங்கள் பள்ளி வேறொரு ஃபாரம் அனுப்புகிறது: அதே கேள்விகள், வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர். நிரப்பினால் சோறு கிடைக்கும் என்று இல்லை, நிரப்பாவிட்டால் சோறு நிற்கும் என்றும் இல்லை. நான் இதைச் சோறில்லாத ஃபாரம் என்று சொல்வேன். பாதிக்கு மேல் திரும்பி வருவதில்லை. வராத பிள்ளைகளில் அரசுப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் தானாகவே எண்ணிக்கையில் வந்துவிடுவார்கள். உணவு உதவி கேட்டால் பின்னாளில் குடியுரிமைக்குப் பங்கம் வருமோ என்று பயந்து அந்தப் பக்கமே போகாத குடும்பங்கள் எங்கள் பள்ளியில் நிறைய. அவர்கள் பட்டியலிலும் இல்லை, ஃபாரமும் தருவதில்லை. காகிதத்தில் அந்தப் பிள்ளைகள் வசதியானவர்கள்.

டெக்சஸ் இதற்கு ஒரு ஒட்டு வேலை செய்திருக்கிறது. 2019-ல் சட்டம் மாற்றி, பின்தங்கிய மாணவர்களுக்கான கூடுதல் நிதியை அவர்கள் குடியிருக்கும் சிறு வட்டாரத்தைப் பொறுத்து ஐந்து அடுக்காகப் பிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் இடைநிலை வருமானம், படிப்பு, ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், சொந்த வீட்டுக்காரர்கள் எத்தனை என்று பார்த்து, ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகையில் 0.225 பங்கிலிருந்து 0.275 பங்கு வரை கூடுதலாகத் தருவார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அடுக்கில் ஏறுவதற்கு முன் அந்தப் பிள்ளை "பின்தங்கியவர்" என்ற குறியீட்டுக்குள் வந்திருக்க வேண்டுமே. அங்கே மறுபடி ஃபாரம்தான்.

ஆராய்ச்சியாளர்களும் இதில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 2017-ல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வு ஒன்றில், எட்டாம் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் சலுகைக்குத் தகுதி பெற்றவர்கள்; கிண்டர்கார்ட்டனிலிருந்து ஒவ்வொரு வருடமும் தகுதியில் இருந்தவர்கள் 14 சதவீதம்தான். படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் அந்த 14 சதவீதம். என் மகளும் அவர்களும் ஒரே பெட்டியில். இதற்கு மாறாக, வரித்துறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த 2018 ஆய்வு ஒன்று, இந்தச் சலுகைப் பதிவு உண்மையான வருமானத்தோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை, ஆனாலும் பிள்ளையின் படிப்பு எப்படி இருக்கும் என்பதை வரிக்கணக்கைவிட நன்றாகச் சொல்கிறது என்றது. முதலில் படித்தபோது நம்பவில்லை. பிறகு முன் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஃபாரம் நிரப்பும் அளவுக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டதென்றால் அதற்குள் ஏதோ நடந்திருக்கும்: வேலை போயிருக்கும், கணவர் பிரிந்திருப்பார், கார் பழுதாகியிருக்கும். வருமானவரிக் கணக்கில் அதெல்லாம் வராது. எனவே வறுமையை அளக்கும் கோலாக இந்த ஃபாரத்துக்கு மனதில் போட்டு வைத்திருந்த இரண்டு நட்சத்திரத்தை இரண்டரை ஆக்குகிறேன்.

நிரப்பப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தேதி 15, 30 என்று வருகிறதா அல்லது ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமையா என்று பாருங்கள். ஆகஸ்டில்தான் என்று இல்லை, வேலை போனால் பிப்ரவரியிலும் விண்ணப்பிக்கலாம். மறுத்துவிட்டார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்த வருடமும் சோறில்லாத ஃபாரத்துக்காகப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பாட்டியிடம் பேசினேன், பேரன் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஸ்பானிஷ் தெரிந்த சக ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். "இதைக் கொடுக்கலைன்னா பையனுக்குச் சாப்பாடு நின்னுடுமா?" என்று கேட்டார். நிற்காது என்றேன். "கொடுத்தா அதிகமாத் தருவீங்களா?" இல்லை என்றேன். பள்ளிக்குக் கொஞ்சம் பணம் வரும், கூடுதலாக ஒரு ஆசிரியரை வைக்கலாம் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "பையன்கிட்ட கொடுத்து விடறேன்" என்றார்.

இன்று அக்டோபர் 16-ம் தேதி. கணக்கெடுக்கும் கடைசி வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தப் பையனின் பையைத் தினமும் காலையில் கேட்டுப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை.